பயற்றங்கொடிகளில் வாடல் நோய்

(மாத்தளை மாவட்டக் கமக்காரர் முன் நிகழ்த்திய பேச்சு)



தம்புள்ளை, கலேவெல, நாவுல ஆகிய இடங்களில் வயலிலும் மேட்டுக்காணியிலும் பயற்றங்காய், கௌபி, போஞ்சி செய்வோர் உங்களிற் பலர். பூக்குந் தறுவாயில் செழித்து நின்ற கொடி திடீரென வாடினால், நீர் போதவில்லையென்று எண்ணி மேலும் பாய்ச்ச வேண்டாம். ஒரு கொடியைப் பிடுங்கி, அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே கபிலநிறக் கோடுகள் ஓடினால், அது பெரும்பாலும் பியூசேரியம் எனும் மண்வாழ் பங்கசின் வேலையாகும். (தண்டடியில் வெண்ணூலும் கடுகு போன்ற மணிகளும் இருந்தால் அது வேறு நோய்.)

இப்பங்கசு வேர்வழியே புகுந்து, நீரை மேலேற்றும் நுண்குழாய்களிற் பரவுகிறது. செடியும் வாளாவிருப்பதில்லை. குழாயை அடுத்துள்ள கலங்கள் அதனுள்ளே புடைத்து, பிசினும் சுரந்து, வழியை அடைக்கின்றன. எதிர்ப்புச் சக்தியுள்ள இனத்தில் இவ்வடைப்பு விரைவாக, கீழ்ப்பகுதியிலேயே உண்டாகிறது. பங்கசு அங்கே சிறைப்பட, ஏனைய குழாய்கள் நீரைக் கொண்டு செல்லும். எதிர்ப்பில்லாத இனத்திலோ அடைப்புப் பிந்தி வருகிறது. அதற்குள் பங்கசு மேலேறிவிடுவதால், தற்காப்புக்கென எழுந்த அடைப்பே நீரையும் மறித்துவிடுகிறது. வாடிய கொடியின் இலையில் மருந்து தெளிப்பது பணவிரயமே.

ஆகவே இனத்தைத் தெரிவு செய்தல் முக்கியமாகும். அமெரிக்காவில் கௌபியை வாடல் நோய் அழித்து வந்த காலத்தில், ‘அயர்ன்’ எனும் இனம் நோயுற்ற நிலத்திலும் தாங்கி நிற்பதை ஓர்டன் என்னும் அறிஞர் 1902 இல் எடுத்துக்காட்டினார். நீங்களும் வாடிய கொடிகளின் நடுவே நலமாய் நின்று காய்த்த கொடியின் விதையைத் தனியே எடுத்து, அடுத்த போகத்தில் அதே நிலத்தின் ஒரு மூலையில் இட்டுப் பாருங்கள். ஒரு முறை தப்பியது தற்செயலாகவும் இருக்கலாம். மறுமுறையும் தாங்கினாலே அவ்விதையை நம்பலாம். வாடிய கொடியின் விதையை ஒருபோதும் வைக்க வேண்டாம்.

பயற்றங்காயும் கௌபியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்று வாடிய நிலத்தில் மற்றதை இடுதல் பயிர்மாற்றமாகாது.

இப்பங்கசின் தடித்த வித்திகள் மண்ணிற் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆயினும் காற்றுப் புகாத சேற்றுநீர் அவற்றிற்குப் பகை. நெல்லுக்காக வாரக்கணக்கில் நீர் தேங்கும் வயலில் அவை வெகுவாகக் குறையும். நோய்கண்ட வயலைக் காலபோகத்தில் தரிசாக விடாது நெல்லே செய்யுங்கள். மேட்டுக்காணிக்கு இந்த வசதியில்லை; அங்கே சோளம், குரக்கன் முதலியவற்றைச் சில போகங்கள் செய்தபின்னரே பயற்றினத்துக்குத் திரும்புதல் வேண்டும். மண் புளிப்பானதாயின் பரிசோதித்துச் சுண்ணாம்பு இடுக.

வாடிய கொடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் நோய் கீழ்வயலுக்கும் போகும். அந்நிலத்தில் வேலை செய்த மண்வெட்டியை, அடுத்த பாத்தியில் இறக்குமுன் கழுவுங்கள்.