பேசும் படமும் ஒளித் துகளும்

மாதுங்காவில் அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்த தலைமுறையினர் நம்மிடையே இன்னும் பலர் உளர். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்து, தாய்மொழியைக் காது குளிரக் கேட்டுச் சென்றவர்கள் அவர்கள். அந்தக் குரல் ஒலிபெருக்கிக்கு எவ்வழியாக வந்தது என்பதை இன்று நோக்குவோம். தமிழின் முதற் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் பம்பாயிலேயே எடுக்கப்பட்டதாகையால், இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

படச்சுருளின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். ஒலியின் ஏற்ற இறக்கங்கள் அதில் கருமையும் வெண்மையுமாகப் பதிந்திருக்கும். சிறு விளக்கொன்றின் ஒளி அதனை ஊடுருவி, கூடியும் குறைந்தும், அப்பாலிருந்த ஒளிமின்கலத்தின்மீது விழும். கலத்தினுள் சீசியம் என்னும் உலோகம் பூசிய தகடு. ஒளி பட்டவுடன் அதனின்று எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அந்த மின்னோட்டமே பெருக்கப்பட்டுக் கதாநாயகனின் குரலாக முழங்கிற்று.

இவ்வியப்பை 1887-இல் முதலில் கண்டவர் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர். வேடிக்கை என்னவெனில், ஒளி மின்காந்த அலையே என்பதை நிலைநாட்டிய அவருடைய பரிசோதனைகளில்தான், அக்கொள்கைக்கு உலை வைக்கும் செய்தியும் தலைகாட்டிற்று. 1902-இல் லெனார்டு ஆராய்ந்தபோது சிக்கல் முற்றியது. பிரகாசத்தை மிகுத்தால் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மிகுந்ததேயன்றி, வேகம் மிகவில்லை. வேகமோ ஒளியின் வகையைப் பொறுத்திருந்தது. துத்தநாகத் தகட்டின்மீது செவ்வொளியை எத்தனை நேரம் பாய்ச்சினும் ஓர் எலெக்ட்ரானும் வெளிவராது. மங்கலான புற ஊதாக் கதிர் பட்டாலோ உடனே புறப்படும். அலையாயின், மோதி மோதிச் சிறுகச் சிறுகச் சக்தி சேர வேண்டாமோ?

1905-இல் ஐன்ஸ்டைன் விடை கூறினார். ஒளியின் சக்தி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலம் ஓர் எலெக்ட்ரானுக்கே. அதன் அளவு ஒளியின் அதிர்வெண்ணுக்கு ஏற்றது. நம் புறநகர் ரயிலை நினையுங்கள். சீட்டின் விலை பத்து ரூபாய் எனில், ஐந்து ரூபாய்க்காரர் ஆயிரம் பேர் வரிசையில் நின்றாலும், பணத்தை ஒன்று சேர்க்கலாகாது என்பது நிபந்தனையானால், ஒருவருக்கும் சீட்டில்லை. பதினைந்து ரூபாயுடன் வந்தவர் ஒருவரேயாயினும் ஏறிவிடுவார், மிச்சமும் அவருடையதே. அந்த மிச்சந்தான் எலெக்ட்ரானின் வேகம். துத்தநாகத்தின் கட்டணம் சுமார் 4.3 எலெக்ட்ரான் வோல்ட். செவ்வொளித் துகளிடம் இருப்பதோ ஏறத்தாழ 1.8. சீசியத்தின் கட்டணம் துத்தநாகத்தினதில் பாதியளவே; வெள்ளியுடனும் ஆக்சிஜனுடனும் சேர்ந்தால் இன்னும் தாழும். சாதாரண விளக்கொளி திரையரங்கிற்குப் போதுமானதாயிருந்தது இதனாலேயே.

இதனை நம்ப மறுத்த அமெரிக்கர் மில்லிகன், பல்லாண்டு பரிசோதித்து, 1916-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரியே என்று காட்டினார். எதிர்வழக்காட வந்தவரே சாட்சி சொல்ல நேர்ந்தது! 1921-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஐன்ஸ்டைனுக்கு இதன்பொருட்டே கிடைத்தது.

1924-இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ், ஒளியைத் துகட்கூட்டமாகவே கணக்கிட்டு, ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அவர் அதனைத் தாமே ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, இப்பகுதி தனி மகிழ்ச்சி தருவது என்பதை மறைப்பானேன்!

அலைக் கொள்கை அழிந்துவிடவில்லை. சோப்புக் குமிழியின் வண்ணங்களை இன்றும் அதைக் கொண்டே விளக்குகிறோம். படச்சுருள்தான் அருகிப்போயிற்று. ஆயினும், ஊரிலுள்ள பேரனின் முகம் நம் கைப்பேசியில் தோன்றும்போது, அங்குள்ள காமிராவின் சிலிக்கன் தகட்டில், ஒளித் துகள்கள் எலெக்ட்ரான்களைப் பிணைப்பினின்று விடுவித்துக்கொண்டிருக்கின்றன.