தீக்காயமும் உடலின் காவல் படையும்

(பரமத்தி வேலூர் வட்டாரத்தில், வெல்ல ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வைப் பற்றிச் சென்ற கூட்டத்தில் பேசினோம். இன்று கொப்பரையைப் பற்றிப் பேசுவோம். பிலிக்கல்பாளையம் சந்தைக்குப் போகிற ஒவ்வொரு சிப்பம் வெல்லமும் நம் கைகள் கிண்டி இறக்கியதுதான். இங்கே கூடியிருப்பவர்களில் கையிலோ காலிலோ பாகு தெறித்த தழும்பு இல்லாதவர் யார்?

2023 மே மாதத்தில் ஜேடர்பாளையம் பக்கத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெல்ல ஆலைக் கொட்டகையில் உறங்கிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள்மீது தீ வைத்தார்கள் பாதகர்கள். நால்வர் தீக்காயமுற்றனர். அவர்களில் ஒருவர் பிறகு ஆஸ்பத்திரியில் மாண்டார்.

தீ அணைந்துவிட்டது, ஆள் பேசுகிறான், காபி கேட்கிறான்; அப்படியிருந்தும் சில நாட்களில் செத்துப்போகிறானே, ஏன்? விதி என்பார்கள். விதியல்ல. வெளியே தீ அணைந்த பிறகு உடலுக்குள் இன்னொன்று மூண்டுவிடுகிறது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. வெல்லப் பாகு பதம் வரும்போது 118 டிகிரியை எட்டுகிறது. தண்ணீர் வழிந்தோடும்; பாகோ ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். சுட்ட இடத்தை ஜாக்ஸன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1953-ல் மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் உள்ள சதை செத்தது. அதைத் திருப்ப முடியாது. வெளி வட்டம் சிவந்து தானே ஆறிவிடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வட்டம் இழுபறியில் நிற்கிறது. அது பிழைக்குமா சாகுமா என்பது அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் தீர்மானமாகிறது. நம் கவனமெல்லாம் அந்த இடை வட்டத்தில்தான்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்ற காவல் படை ஒன்று உண்டு. 1882-ல் மெச்னிகோவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி, இத்தாலியில் மெசினா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தால் நடமாடும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! அந்த ஆராய்ச்சிக்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது.

முள் குத்தினால் நேர்வதுதான் சுட்டாலும் நேர்கிறது, அளவுதான் வேறு. வெந்த அணுக்கள் வெடித்து, உள்ளே இருந்தவை ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் ஒன்று மைட்டோகாண்ட்ரியா, அணுவின் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூதாதை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியா. அந்தப் பழைய சாடை இன்னும் அதில் இருப்பதால், கிருமிதான் நுழைந்துவிட்டது என்று காவல் படை நம்பி விடுகிறது. நியூட்ரோஃபில் என்னும் அணுக்கள் சில மணி நேரத்தில் திரண்டு வந்து, கிருமியைக் கொல்லும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. அங்கே கிருமி இன்னும் பெருகவேயில்லை! பக்கத்திலிருக்கும் நல்ல சதைதான் அடிபடுகிறது. திருடனைப் பிடிக்கிறோம் என்று வந்து தெருவிலிருப்பவர்மீதெல்லாம் தடியடி நடத்துவது நாம் காணாத காட்சியா?

ஆனால் இந்தப் படை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பின்னால் வரும் மேக்ரோஃபேஜ் அணுக்கள்தான் செத்ததைத் தின்று துப்புரவாக்கிப் புதுத் தோலுக்கு வழி செய்கின்றன. சிறு காயத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்து முடியும். பெரியவர் ஒருவருக்கு உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தால்தான் நிலைமை கைமீறுகிறது. அபாய அறிவிப்பு உடம்பெங்கும் பரவி, காயம் படாத இடத்திலும் ரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர் சதைக்குள் கசிகிறது; ஆள் வீங்குகிறான்; ரத்தமோ வற்றுகிறது. பாதிக்கப்பட்டவரின் விரல் சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதை வைத்து நீங்களே கணக்கிடலாம்.

வற்றியதை ஊசி வழியாக ஊற்றியாக வேண்டும். இதற்கு 1968-ல் அமெரிக்காவின் பார்க்லாண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு. 50 கிலோ எடையுள்ளவருக்கு நூற்றுக்கு முப்பது வெந்திருந்தால் முதல் நாளில் 6 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, சுட்ட நேரத்திலிருந்து!

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆலையில் மாலை ஆறு மணிக்குப் பாகு கவிழ்ந்து ஒரு தொழிலாளிக்கு வயிறும் தொடைகளும் வெந்தன. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று முதலாளி அவரை ஒரு களிம்போடு கொட்டகையிலேயே படுக்க வைத்தார். காலையில் சேதி அறிந்து நாம் போய்த் தூக்கிச் சென்றோம். "எப்போது சுட்டது?" என்றார் டாக்டர். "இன்று விடியற்காலை, வீட்டில்" என்றார் அவர். அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நாம் குறுக்கிட்டு உண்மையைச் சொன்னதும் டாக்டர் எழுதிய கணக்கை அடித்துவிட்டு வேறு எழுதினார். அதற்குள் பதினான்கு மணி நேரம் வீணாகியிருந்தது. இரவு முழுவதும் அவருக்குச் சிறுநீரே இறங்கவில்லை. ஆள் பிழைத்தார், முழங்கால் இன்றும் மடங்குவதில்லை.

முதல் சில நாட்கள் தாண்டினாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. வெறிகொண்டு ஓடிய படை களைத்து ஓய்கிறது. தோல் என்ற வேலியும் இல்லை. அப்போதுதான் உண்மையான கிருமி நுழைகிறது. சாணி, மை, பற்பசை, மாவு என்று பூசுகிறவர்கள் அந்தக் கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிறார்கள்.

சுட்டவுடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலனுண்டு; இடை வட்டத்தைக் காக்க நம் கையில் உள்ளது இதுதான். மோதிரம், கொலுசு, அரைஞாண் ஆகியவற்றை வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 108-ஐக் கூப்பிட்டு நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீட்டு அடுப்பில் சேலை பற்றிய பெண்களுக்கும் இதே முறைதான். அங்கேயும் பொய் நேரம் சொல்லச் சொல்வார்கள், சொல்லாதீர்கள்.

ஆலைக்கு ஆலை கரும்பு கழுவ மோட்டார் இருக்கிறது. கொப்பரைக்குப் பத்தடி தூரத்தில் ஒரு குழாய் போட மட்டும் வசதியில்லை என்கிறார்கள். அடுத்த வாரம் முதலாளிகளிடம் கொடுக்கும் மனுவில் அந்தக் குழாயை முதல் கோரிக்கையாகச் சேர்த்திருக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம்.