பாட்டி பிறந்த ஊர் எது?

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொந்த ஊர் எது என்று கேட்டால் நம் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் பெரியவர்களான நாமே தடுமாறுவோம். அதைத் தேட வீட்டு பீரோவிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் பழைய பத்திரங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் தகப்பனார் பெயரோடு ஒரே இடத்தில் கிடைப்பார்கள். கிரயப் பத்திரம் என்றால் நான்கெல்லையை விடாமல் படியுங்கள். "இன்னார் நிலத்துக்கு வடக்கு" என்று வரும் அந்த இன்னார் பல நேரம் பங்காளியாகவே இருப்பார். ஒரே நிலம் பிரிந்ததால் பக்கத்தில் இருக்கிறார். பத்திரம் கையில் இல்லையா? கிராமப் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து நகலுக்கு மனு கொடுக்கலாம்.

அடுத்து மொய் நோட்டு. அதில் பெயரோடு ஊரும் இருக்கும். சில சமயம் உறவும் இருக்கும். குலதெய்வக் கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாகக் குடும்பங்கள் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணை. முன்னோர்களுக்கு இனாம் நிலம் இருந்திருந்தால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய இனாம் பதிவேடுகள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தகப்பனார் பெயரும் ஆண்டும் பொருந்தினால்தான் அவர் நம்மவர் என்று முடிவு செய்யுங்கள்.

இத்தனை ஆவணங்களிலும் குறைவாகக் கிடைப்பது பெண்களின் பெயர். தமிழ்நாட்டில் மகள்களுக்கு மகன்களைப் போலப் பூர்வீகச் சொத்தில் பங்குரிமை தந்த சட்டத்திருத்தம் 1989-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் மகள்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. மகளுக்கு மஞ்சள்காணி எழுதிவைத்த குடும்பமாக இருந்தால் அந்தப் பத்திரத்தில் ஒரு பெயர் கிடைக்கலாம். மொய் நோட்டிலும் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். ஆக, நம் பாட்டிகளின் பாட்டிகளைப் பற்றிச் சொல்ல இன்று இருக்கும் பெரியவர்களை விட்டால் வேறு வழியில்லை. பத்திர நகலை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம். எண்பது வயது அத்தையிடம் கேட்பதை அப்படித் தள்ளிப்போட முடியாது.

எனவே இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். உங்கள் பாட்டியின் பெயர் என்ன? அவர் பிறந்த ஊர் எது? அவரோடு பிறந்தவர்கள் யார் யார்? அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து, தேதி போட்டு வையுங்கள். மாடியில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் நம் இளைஞர்களும் போய்க் கேட்கலாம். அவர்களுக்கும் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஊரில் பழைய வீட்டை விற்கவோ இடிக்கவோ போகிறீர்களா? டிரங்குப் பெட்டியை பழைய பேப்பர்காரரிடம் எடை போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.