‘அவசரம்’ என்றால் ஓய்வா?

கல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைக் கடந்து, எளாவூர் சோதனைச் சாவடியையும் தாண்டினால் ஆரம்பாக்கம். அதற்கு அப்பால் தடா, ஆந்திரம் தொடங்கிவிடும். தமிழும் தெலுங்கும் காலங்காலமாக ஒரே கடையில் பேரம் பேசிக்கொண்ட ஊர் ஆரம்பாக்கம். இப்போது அந்தக் கடை வாசலில் ஒடியாவும் போஜ்புரியும் வங்காளமும் கேட்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும் கம்பி ஆலைகளிலும் உலைக்கு முன்னால் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பது எப்படி? மாலை ஆறு மணிக்கு வகுப்புக்கு வா என்று கூப்பிட முடியாது. இந்த வாரம் பகல் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் இரவு ஷிப்ட். ஆக, சட்டைப் பையில் இருக்கும் செல்போன்தான் பள்ளிக்கூடம். 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்துவிட்டதால் கருவிக்குக் குறைவில்லை. எந்தத் தமிழை, எந்த மொழியின் வழியாகச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம் என்பது என் வாதம்.

தூரத்தில் இருந்தபடி பிழைக்க வந்தவருக்கு மொழி கற்பிப்பது இணையத்தோடு பிறந்த யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்களுக்கு அந்நாட்டு அரசு 1948-லிருந்தே ஆங்கிலம் கற்பித்தது. வரும் கப்பலிலேயே பாடம் நடந்தது. இறங்கிய பிறகு வானொலிப் பாடமும் அஞ்சல்வழிப் பாடமும் துணை நின்றன. ஆம் நேயர்களே, நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, இதே வானொலிதான்! அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2017-ல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ தொடங்கியது. நண்பன் என்று பொருள். பாடப் புத்தகத்தின் பெயர் ‘ஹமாரி மலையாளம்’. தலைப்பிலேயே பாதி இந்தி. வருகிறவரின் மொழிக்குப் பாதி வழி இறங்கி வந்த பெயர். நம்மிடம் 2001-ல் பிறந்த தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. அது முதலில் மனத்தில் வைத்தது அயலகத் தமிழர்களின் பிள்ளைகளை. 2021-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட ‘பாஷா சங்கம்’ செயலி 22 மொழிகளில் அன்றாட வாக்கியங்களைச் சொல்லித் தருகிறது. சுற்றுலா வருபவருக்கு உதவும், உலைக்கு முன்னால் நிற்பவருக்கு அது போதாது.

ஏன் போதாது? இங்கே கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயமே இதில்தான் இருக்கிறது. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது வேறு தமிழ். மேலே கிரேனில் சரக்கு வரும்போது சூப்பர்வைசர் ‘நகர்ந்து நில்லுங்கள்’ என்றா சொல்வார்? ‘ஏய், நவுரு நவுரு’ என்பார். ‘வேண்டாம்’ என்று படித்தவரின் காதில் ‘வேணாம்’ விழும்; ‘போய்விட்டான்’ என்று படித்தவர் ‘பூட்டான்’ என்பதைக் கேட்டு பக்கத்து நாடோ என்று விழிப்பார். பாடப் புத்தகத் தமிழை மட்டும் படித்தவர், கற்ற பிறகும் செவிடராகவே நிற்கிறார். இன்னொரு பொறி, பார்க்கத் தெரிந்த சொல்லாக இருப்பவை. ‘அவசரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது விரைவு. ஆரம்பாக்கத்தில் தெலுங்கு பேசுபவருக்கு அது தேவை. இந்திக்காரருக்கு ‘அவசர்’ என்றால் வாய்ப்பு. ஒடியாவிலும் வங்காளத்திலும் அந்தச் சொல் ஓய்வைக் குறிக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கும் அதுவே பெயர். ‘அவசரம், சீக்கிரம் வா’ என்று கத்தினால் நான்கு பேர் காதில் நான்கு செய்தி! இதையெல்லாம் எந்தப் பொதுவான வாக்கியப் பட்டியலும் சொல்லாது; எதிரில் இருப்பவரின் தாய்மொழி தெரிந்து எழுதிய பாடம்தான் சொல்லும். நல்ல பக்கமும் உண்டு. ‘முஜே பானி சாஹியே’ என்ற இந்தி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பாருங்கள்: ‘எனக்குத் தண்ணி வேணும்’. வரிசைகூட மாறவில்லை. ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்குவதுகூட இரண்டிலும் ஒன்று. அப்படியிருக்க, இடையில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் பாடம் ஆரம்பாக்கத்திலிருந்து தடாவுக்குப் போக திருப்பதியைச் சுற்றுவது மாதிரி. ஒலியை எடுத்தால், நமது ‘ள’ ஒடியாவிலும் உண்டு. ஒடிசாவின் பாலாங்கீர்க்காரருக்குப் ‘பள்ளம்’ சிரமமில்லை. பீகார்க்காரருக்குத்தான் அது ‘பல்லம்’ ஆகும். ‘ழ’ எல்லோருக்கும் பாடுதான். அதை நம்மவர்களே முழுசாகச் சொல்வதில்லை என்பதால் விட்டுவிடலாம். இதனால்தான் எழுத்தைவிட ஒலி முந்த வேண்டும் என்கிறேன். இரண்டு நிமிட வாட்ஸ்அப் குரல் பாடம், கேட்டதைத் திருப்பிச் சொல்லி அனுப்பும் ஒரு நிமிடப் பதில். ரயிலுக்கு நிற்கும்போதும் டீக்கடையிலும் முடிகிற வேலை.

‘ஆலைக்குள் இந்தி ஓடுகிறதே, தமிழ் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆலைக்குள் ஓடும், சரி. மருந்துக் கடையில்? அரசு மருத்துவமனைச் சீட்டு வரிசையில்? அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மொழி தெரியாதவருக்காக ஒப்பந்தக்காரர் பேசுகிறார். பேசுகிறவரே கணக்கும் பார்க்கிறார். 1979-ம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தது. தொழிலாளியின் கூலி விவரம் எழுதிய பாஸ்புத்தகம் அவர் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. புத்தகம் அவர் மொழியில் இருந்தாலும் முறையிடப் போகும் ஊர் தமிழில்தானே இருக்கிறது? திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூல் கிடைக்கச் செய்த நல்ல முயற்சி நடந்திருக்கிறது. அப்பா அம்மாவுக்கு என்ன கொடுத்தோம்?

‘ஒரு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், வீண் செலவு’ என்பது அடுத்த வாதம். போய்விடுவார் என்பதால்தான் முதல் பாடம் முதல் நாளே பலன் தர வேண்டும். உயிரெழுத்தில் தொடங்கி ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லக்கூடாது. ‘நில்லு’, ‘நவுரு’, ‘சூடு’, ‘கரண்டு’, ‘எவ்வளவு’, ‘வலிக்குது’: முதல் வாரத்துக்கு இவை போதும். எல்லையோரம் என்பதால் தெலுங்கு ‘ஆகு’வையும் சேர்க்கலாம், அதற்கு ‘நில்’ என்று பொருள். தொலைவழிப் பாடத்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்ற மூன்றாவது வாதம்தான் கனமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆஸ்திரேலியர்களும் அஞ்சலோடும் வானொலியோடும் நிற்காமல், வீட்டுக்கே போய்ப் பேசிப் பழக்கும் தன்னார்வலர்களைப் பின்னாளில் சேர்த்தார்கள். செயலி மட்டும் இருந்தால் கைவிடுவார். திருப்பிச் சொன்னதைக் கேட்டு ‘சரிதான், ஆனா நவுரு, நகரு இல்ல’ என்று பதில் அனுப்ப ஒரு மனிதக் குரல் இருந்தால் மறுநாளும் வருவார். அந்தக் குரலுக்கு இந்தப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் போதும். ஓய்வு என்றால் ஒடியாவில் என்ன சொல் என்பதுதான் உங்களுக்கு இப்போது தெரியுமே.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் நாளை யாராவது உங்களிடம் ‘பையா, டிரெயின் கப்?’ என்று கேட்டால், தெரிந்த இந்தியை எடுத்து விடாதீர்கள். ‘இதோ, இப்ப வரும்’ என்று மெதுவாக, இரண்டு தடவை சொல்லுங்கள்.