கடலோர மீட்புத் தொண்டர்கள்: துணிவும் அமைப்பும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 38,000 பேர் இவ்வாறு உயிரிழக்கின்றனர். கிணறு, குளம், ஆறு, கடல் ஆகிய யாவற்றிலும் நேரும் இறப்புகள் இக்கணக்கில் அடங்கும். கடற்கரையில் நேர்பவை இவற்றுள் ஒரு பகுதியே எனினும், அவற்றைத் தடுக்கும் முறை தனியாக ஆராயத்தக்கது. ஏனெனில் அங்குக் காப்பாற்ற வருபவர் பெரும்பாலும் ஊதியம் பெறும் பணியாளர் அல்லர். கரையில் வாழும் தொண்டரே ஆவார்.

நிமிடங்களின் கணக்கு

நீரில் மூழ்குபவர் கையசைத்துக் கூக்குரலிடுவார் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவர் மூச்சுக்குப் போராடுவதால், குரல் எழுப்ப இயலாமல் ஓசையின்றி அமிழ்ந்துவிடுகிறார். மூளைக்கு உயிர்வளி கிட்டாத நிலை நான்கு முதல் ஆறு நிமிடங்கள் நீடித்தால் மீளாத சேதம் தொடங்கிவிடும்.

கடலில் தேடுதல், மீட்பு ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தியக் கடலோரக் காவல் படையைச் சார்ந்தது. 1554 என்ற எண்ணில் அதனைத் தொடர்பு கொள்ளலாம். ஆழ்கடலில் தத்தளிக்கும் கப்பலுக்கும் படகுக்கும் அதன் உதவி இன்றியமையாதது. ஆயினும் புதிய அளவீட்டின்படி இந்நாட்டின் கடற்கரை 11,000 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. அதன் ஒவ்வொரு வளைவிலும் சில நிமிடங்களுக்குள் அரசுக் கலம் வந்து சேர வேண்டும் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அருகில் இருப்பவரே முதல் மீட்பாளர். அவர் பயிற்சி பெற்றவரா, கையில் மிதவை உள்ளதா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. பயிற்சியற்றவர் வெறுங்கையுடன் குதிக்கும்போது ஒரு சாவு இரண்டாகிவிடுவதும் உண்டு.

பிற நாடுகளின் பட்டறிவு

பிரிட்டனில் சர் வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் 1824இல் உயிர்காப்புப் படகு நிறுவனம் தோன்றியது. 1854 முதல் 1869 வரை அரசு மானியம் பெற்ற அந்நிறுவனம், பின்னர் பொதுமக்களின் நன்கொடையையே நம்பி வளர்ந்தது. 200 ஆண்டுகளில் 1,46,000க்கும் மேற்பட்ட உயிர்களை அது காத்துள்ளது. அதன் படகோட்டிகளுள் மிகப் பெரும்பாலோர் தொண்டர்கள். கடல்சார் தொழில் செய்வோர் பத்தில் ஒருவரே. ஏனையோர் ஆசிரியர், தச்சர், கடைக்காரர் போன்றோர். அழைப்பு வந்தவுடன் வேலையை விட்டுப் புறப்பட அவர்களுடைய முதலாளிகள் இசைவளிக்கின்றனர்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கடற்குளியல் சங்கம் 1907இல் அமைந்தது. சிட்னி நகரின் பாண்டைக் கடற்கரையில் 1938 பிப்ரவரி 6ஆம் நாள் அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கடலுக்குள் இழுத்துச் சென்றன. அன்று கரையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருந்தனர். கயிறும் உருளையும் ஆயத்தமாக இருந்தன. ஐவர் இறந்தனர், ஏனையோர் பிழைத்தனர். தொண்டர்கள் தற்செயலாகக் கூடிய கூட்டமாக இருந்திருந்தால் இழப்பு பன்மடங்காகியிருக்கும்.

தொண்டு செலவற்றதா?

தொண்டர் பணியைச் செலவற்ற பணியாகக் கருதுவது நிருவாகத்தில் எளிதில் நேரும் பிழையாகும். 1981 டிசம்பர் 19ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், புயலில் சிக்கிய கப்பலில் இருந்த எண்மரை மீட்க மௌஸ்ஹோல் என்னும் சிற்றூரின் உயிர்காப்புப் படகு புறப்பட்டது. ஒரே குடும்பத்திலிருந்து இருவரை ஏற்றிச்செல்ல அதன் தலைவர் மறுத்துவிட்டார். படகில் சென்ற எட்டுத் தொண்டர்களும், கப்பலில் இருந்த எண்மரும் மாண்டனர். மறுநாளுக்குள் புதிய குழு அமைக்கப் போதிய பேர் அவ்வூரில் முன்வந்தனர். துணிவுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இது சான்று. அத்துணிவை நம்பி வாழும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கும் இதுவே சான்று.

இந்திய நிலை இதனினும் கடினமானது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே உற்றாரைத் தேடிக் கடலுக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தின் உள்நாட்டுப் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தபோது, அதே கடற்புற மக்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். ஏறத்தாழ 4,500 மீனவர்கள் 669 படகுகளுடன் குறைந்தது 65,000 பேரை மீட்டனர் என்பது அப்போது வெளியான கணக்கு. படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ.3,000, அத்துடன் எரிபொருட்செலவு என மாநில அரசு அறிவித்தது. பழுதான படகுகளைச் சீர்செய்து தரவும் உறுதி கூறியது. பிரிட்டனின் தொண்டர் ஏறுவது நிறுவனத்தின் படகில். இந்திய மீனவர் இறக்குவது தம் பிழைப்புக்கான படகை. ஒரு நாள் மீட்புக்குச் சென்றால் ஒரு நாள் பிடிப்பை அவர் இழக்கிறார். படகு உடைந்தால் வாழ்வே முடங்குகிறது. பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர். அச்செலவை யார் ஏற்பது என்பதை வெள்ளம் வந்த பின்னர் அறிவித்தல் போதாது; முன்னரே வகுத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆபத மித்ரா’ திட்டம் 2016இல் 30 மாவட்டங்களில் 6,000 தொண்டர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்கள் என்ற இலக்குடன் அது விரிவாக்கப்பட்டது. பயிற்சி, கருவிப் பெட்டி ஆகியவற்றுடன் மூன்றாண்டுக் காப்பீட்டுக்கும் அதில் வழி செய்யப்பட்டது. இஃது உரிய திசையில் எடுத்துவைத்த அடியாகும். ஆனால் நீச்சல் திறனும் முதலுதவிப் பயிற்சியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படாவிடில் மங்கிவிடும், கயிறு நைந்துபோகும், காப்பீடு காலாவதியாகும்.

ஆகவே கடலோர மாவட்டங்களில் நான்கு ஏற்பாடுகள் நிலைபெற வேண்டும். ஒவ்வொரு மீனவக் குப்பத்திலும் பெயர்ப் பதிவு பெற்ற குழுவும், ஆண்டுக்கொரு மறுபயிற்சியும் வேண்டும். மிதவை, கயிறு, உயிர்காப்பு அங்கி ஆகியவை பூட்டிய அறையில் அன்றிக் கரையிலேயே இருத்தல் வேண்டும். கடலோரக் காவல் படையுடனும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையுடனும் குழுவுக்கு நேரடித் தொடர்பு வேண்டும். படகுக்கும் உயிருக்கும் தொடர்ச்சியான காப்பீடும், மீட்பு நாளுக்கு முன்கூட்டியே வரையறுத்த ஈட்டுத்தொகையும் வேண்டும்.

இறுதியாக, நிதி ஒதுக்கும் அலுவலரும் நாளை அப்பொறுப்பை ஏற்கவுள்ள மாணவரும் மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஓராண்டு முழுவதும் எவரும் மூழ்காத கடற்கரையில் மீட்புக் குழுவுக்கான செலவு, கணக்கேட்டில் வீண் எனத் தோன்றும். தணிக்கையில் அதுவே முதலில் குறைக்கப்படும். ஆனால் ஆயத்த நிலையில் காத்திருத்தலே அக்குழுவின் பணி. அக்காத்திருப்புக்கு ஆண்டுதோறும் தவறாது நிதி வழங்கும் மாவட்டத்தில்தான், அழைப்பு எழும் நாளில் தொண்டரின் துணிவு பயன் தரும்.