பார்த்தீனியமும் தோல் அரிப்பும்



வரப்பிலும் சாலையோரத்திலும் வெள்ளைப் பூவுடன் நிற்கும் பார்த்தீனியத்தை நாம் யாவரும் அறிவோம். 1950-களில் புனேயில் கண்டறியப்பட்ட இக்களை பின்னர் நாடெங்கும் பரவிற்று. செடியைத் தொடாதவருக்கும் அதன் காய்ந்த தூள் காற்றில் வந்து படிந்து, முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு உண்டாகி, நாளடைவில் தோல் தடித்துக் கறுக்கிறது.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம், பத்தியம் இருக்கிறோம், மந்திரித்தும் பார்க்கிறோம். கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு சில நாள் அரிப்பை அடக்கும். மருத்துவர் யோசனையின்றி நெடுநாள் தடவினால் தோல் மெலிந்துவிடும். செடி வாசலிலேயே நின்றால் எந்த மருந்தின் குணமும் நிலைப்பதில்லை.

ஆகவே மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கையில், பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவோம். அரிப்புக் கண்டவரை மட்டும் இவ்வேலைக்கு அனுப்பலாகாது. கூலி போய்விடுமே என்று அவரே முன்வந்தாலும், பஞ்சாயத்து அவருக்கு வேறு வேலை தரவேண்டும்.