சாவி யாருக்குக் கிடைக்கும்?

(தலைப்பு: வேலையில் உயர்வு தருவது ஒரே இடத்தில் நிலைப்பதா? இடம் மாறுவதா? ‘நிலைப்பதே’ என்ற அணியில் பேசியது)

தராசைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாயாமல் அமர்ந்திருக்கிற நடுவர் அவர்களே! எங்கள் பக்கம் வர மனமிருந்தும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்ட நண்பர்களே! வீட்டில் காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, “ஓடுகிற தண்ணீர்தான் தெளிவாக இருக்கும், தேங்கினால் பாசி பிடிக்கும்” என்றார். நல்ல உவமை. ஆனால் அம்மா, ஓடுகிற தண்ணீரை ஏரியில் தேக்கினால்தானே நெல் விளையும்? ஓடிக்கொண்டே இருந்தால் கடைசியில் கடல். உப்புத்தான் மிச்சம்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, என்னிடம் படித்த பையன் ஒருவன். சோழிங்கநல்லூரில் மென்பொருள் கம்பெனி. நாலு வருஷம் மூணு மாசம் வேலை பார்த்துவிட்டான். ஆண்டுக்கு 9 லட்சம். இன்னொரு கம்பெனி 12 லட்சம் என்று கடிதம் கொடுத்தது. வீட்டில் திருவிழா! பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாச்சு. கல்யாணத் தரகருக்குச் சொல்லியாச்சு. ஜாதகத்தில் கிரகத்தை மாற்ற முடியாது, சம்பளத்தை மாற்றியாச்சு! (சிரிப்பு)

ராஜினாமா கொடுத்தான். 90 நாள் நோட்டீஸ். 80-வது நாள் புதுக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல்: “ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.” பழைய கம்பெனிக்கு ஓடினான். அவன் நாற்காலியில் வேறு ஆள் வந்தாச்சு.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருந்தேன். ஓர் ஓரத்தில் இவன். பக்கத்தில் சாப்பாட்டுப் பை. “என்னப்பா, இன்னைக்கு லீவா?” என்றேன். எழுந்து நின்றான். “ரெண்டு மாசமா இங்கதான் வர்றேன் ஐயா. வேலை இல்லைன்னு அப்பாவுக்குத் தெரியாது. காலையில அம்மா சோறு கட்டிக் கொடுக்கிறாங்க, வாங்கிட்டு வந்துடுறேன்” என்றான்.

அந்தச் சோறு அவனுக்கு எப்படி இறங்கியிருக்கும்?

“அந்தக் கடிதத்தைக் காட்டு” என்றேன். படித்தோம். 12 லட்சத்தில் ஒன்றரை லட்சம், கம்பெனியும் இவனும் நன்றாகச் செய்தால் மட்டும் வருகிற தொகை. கம்பெனி கட்டுகிற பி.எஃப். பங்கு, பணிக்கொடைக்கு ஒதுக்குவது, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் அந்த 12-க்குள்ளேயே அடக்கம். சேரும்போது தருகிற போனஸை, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். பந்தியில் இலை பெரிசுதான். பாதி இலையில் பரிமாறவே இல்லை!

சரி, விட்டது எவ்வளவு? நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாகக் கணக்கிடுவார்கள். இவனுக்குக் கணக்கில் சேரும் மாதச் சம்பளம் 39,000 ரூபாய். அப்படியானால் ஆண்டுக்கு 22,500. ஐந்து ஆண்டுக்கு 1,12,500 ரூபாய். ஒன்பது மாசம் பொறுத்திருந்தால் கைக்கு வந்திருக்கும். பிறகு எட்டரை லட்சத்துக்கு வேறு வேலை கிடைத்தது. பணிக்கொடைக் கணக்கு? மறுபடியும் முதல் நாளிலிருந்து!

“பதவி உயர்வு வேண்டாமா?” என்று கேட்பீர்கள். பதவி உயர்வு என்பது என்ன? நெருக்கடி வந்த ராத்திரியில் இவன் ஓடவில்லை என்று பார்த்த ஒருவர், “இனி இந்தப் பத்துப் பேரை நீ பார்த்துக்கொள்” என்று ஒப்படைப்பது. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறுகிறவன் எல்லா இடத்திலும் புது மாப்பிள்ளை. புது மாப்பிள்ளைக்கு விருந்து கிடைக்கும். வீட்டுச் சாவி கிடைக்காது! (பலத்த கைதட்டல்)

மதிப்பில்லாத இடத்தில் ஆயுள் முழுக்கக் கிட என்று நான் சொல்லவில்லை. கேட்டும் கொடுக்காத இடத்தை விட்டு வரலாம். ஆனால் முதலில் கேட்டாயா? உன் மேலதிகாரியிடம் உட்கார்ந்து, “அடுத்த படி எனக்கு எப்போது?” என்று ஒரு தடவையாவது கேட்டாயா? என் மாணவன் கேட்கவே இல்லை!

வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். முதல் குறளிலேயே மூன்று கணக்குப் போடச் சொல்கிறார். போவது என்ன, வருவது என்ன, பின்னால் கிடைக்கப் போவது என்ன? அந்த மூன்றாவதுக்கு அவர் வைத்த பெயர் ‘ஊதியம்’. நாம் அந்தச் சொல்லை மாதச் சம்பளமாகச் சுருக்கிவிட்டோம். சம்பளம் முதல் தேதி வரும், பத்தாம் தேதி போகும். நின்று சம்பாதித்த நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் ஊதியம்!

ஆகவே நடுவர் அவர்களே, உயர்வு தருவது நிலைப்பதே என்று தீர்ப்பு வழங்குங்கள். இன்று ராத்திரி பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால், “எவ்வளவு தருகிறார்கள்?” என்று கேட்பதற்கு முன்னால், “வேலை எப்படிப்பா இருக்கு?” என்று கேளுங்கள் பெற்றோர்களே! எந்தப் பிள்ளையும் சோற்றுப் பையோடு ஒளிய வேண்டியிருக்காது.